தாய்ப்பூட்டு களவுபோன காலை

பெட்டகம் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த மரப்பெட்டியைக் காணோம்.

காலை எட்டரை மணிக்குப் பத்திரக் கட்டோடு வந்த வக்கீலம்மாவை வாசலில் வரவேற்க யாரும் இல்லை. வீட்டின் மகள் மட்டும் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க, அப்பா ரூம்லதான் எல்லாரும் இருக்கோம்" என்றாள். குரலில் சுரத்தே இல்லை.

அறையில் பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் மூத்த மகன். கதவு நிலையில் சாய்ந்தபடி இளைய மகன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மூவரும் சுவரில் பதித்திருந்த அந்த இரும்புப் பெட்டகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"களவு போயிடுச்சும்மா," என்றார் பெரியவர். "தாய்ப்பூட்டு."

தாய்ப்பூட்டு என்பது பெரியவர் இளவயதில் தன் கையால் செய்த முதல் பூட்டு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் இன்று செய்யப்படும் பூட்டுகள் எல்லாமே அதைப் பார்த்துப் பிறந்தவைதான். வங்கிக் கதவிலும் நகைக்கடைப் பெட்டியிலும் தொங்குவது அதன் பிள்ளைகள். கண்காட்சி எங்கே நடந்தாலும் பெரியவர் ஒரு பூட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைப்பார். சாவி இல்லாமல் திறப்பவருக்குப் பரிசு என்று பலகை எழுதி மாட்டுவார். அந்தப் பரிசு இதுவரை அவர் பையைவிட்டு வெளியே வந்ததில்லை. களவு நடந்த பெட்டகத்தைக் காத்து நின்றதும் அதே அமைப்பில் அவர் செய்த பூட்டுதான்.

"போனது போகட்டும். எப்படிப் போச்சுன்னு பாருங்க," என்று பெரியவர் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டினார். "சாவித் துவாரத்துக்குள்ள பாருங்க. கீறல் தெரியுதா? கம்பி விட்டுத் திறந்திருக்கான். உள்ள ஏழு லீவர். ஒவ்வொண்ணையும் அதது உயரத்துக்குத் தூக்கி நிறுத்தணும். நாலாவது லீவர் வரைக்கும் கீறல் கண்ணுக்குத் தெரியுது. எவ்வளவு மெல்லிசாத் தொட்டிருக்கான் பாருங்க. இப்படி ஒரு கை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

வக்கீலம்மாவுக்குக் கீறலும் தெரியவில்லை, லீவரும் தெரியவில்லை. தெரிந்தது பெரியவரின் முகம்தான். தோற்றுப்போனவரின் முகம். அதே முகத்தில், தன்னைத் தோற்கடித்தவன்மேல் ஒரு மரியாதை.

"சாவி எங்க இருக்குங்க ஐயா?"

பெரியவர் சட்டையை விலக்கி இடுப்பு வாரைக் காட்டினார். சங்கிலியில் ஒரு சாவி தொங்கியது. "இதுக்கு நகல் கிடையாது. இது என் இடுப்பை விட்டு இறங்கினதும் கிடையாது. வாசல் கதவும் காலையில உள்பக்கம் பூட்டினபடியேதான் இருந்துச்சு. அதையும் திறந்து, திரும்பப் பூட்டிட்டுப் போயிருக்கான். ரெண்டு பூட்டையும் ஜெயிச்சுட்டான்."

"போலீசுக்குச் சொல்லலாமே."

"போலீசு வந்தா பேப்பர்ல வரும். பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டையே திறந்துட்டாங்கன்னு. வேண்டாம்மா." பெரியவர் எழுந்து நின்றார். "பத்திரத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க. டிரஸ்ட் வேண்டாம். தோத்துப்போன பூட்டை டிரஸ்ட்ல வெச்சுப் பேரப்பிள்ளைங்க தலையில கட்டவா? அந்தக் கம்பெனி பட்டறையை விலைக்குக் கேட்டுட்டே இருக்கில்ல, வித்துடறேன். பெரியவனே, அவங்களை வரச் சொல்லு."

மூத்தவன் அதற்காகவே காத்திருந்தவன்போல் கைப்பேசியை எடுத்தான். இளையவன் சாய்ந்திருந்த நிலையை விட்டு நிமிர்ந்தான்.

"விக்கறது எதுக்குப்பா? பூட்டு பழசாயிடுச்சுன்னா புதுசு போட்டா ஆச்சு. பட்டறை என்ன பண்ணுச்சு?"

"நீ சும்மா இரு."

இளையவனின் முகம் வெளுத்தது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

வக்கீலம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். கொலை, கொள்ளை வழக்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். உயில், தானப் பத்திரம், குடும்ப டிரஸ்ட், இவைதான் அவர் பிழைப்பு. அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூட எந்த நீதிமன்றத்திலும் உடைந்ததில்லை. இதைத் தானாக வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் எதிரில் இருப்பவர் கேட்கும்படி பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்.

இந்த டிரஸ்ட் பத்திரத்துக்கு அவர் மாதக்கணக்கில் உழைத்திருந்தார். பட்டறையை யாரும் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பங்கு போட முடியாது. இளையவன் டிரஸ்டியாக இருந்து நடத்துவான். வருமானம் பேரப்பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் போகும். பெரியவர் சொல்லச் சொல்ல, சந்துபொந்து எல்லாவற்றையும் அடைத்து எழுதியிருந்தார். அதை அப்படியே சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதா?

"கம்பெனிக்காரர் எப்ப வர்றார்?"

"பன்னெண்டு மணிக்கு, மேடம்," என்றான் மூத்தவன்.

"அப்ப அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. ஐயா, நீங்க எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க."

சொல்லிவிட்டுப் பெட்டகத்துக்குள் குனிந்து பார்த்தார். வெறும் தட்டு. நிமிர்ந்தபோது கைப்பையின் வார் எதிலோ மாட்டி இழுத்தது. திறந்திருந்த கதவின் விளிம்பில் மூன்று தாழ்க்கம்பிகள் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாரை விடுவிக்கக் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. மூத்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"திருடனைப் பிடிக்கறதுக்கு முன்னாடி பெட்டகம் உங்களைப் பிடிச்சுடுச்சு, மேடம்."

"முதல்ல உங்களைத்தான் விசாரிக்கப்போறேன். வாங்க," என்றார் வக்கீலம்மா.

காலை ஒன்பதே கால். கூடம்.

மூத்தவன் வீடு வாங்கி விற்கும் தரகு செய்பவன். உட்காரும் நாற்காலியைக்கூட எவ்வளவு போகும் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவான்.

"பட்டறையை வித்தா உங்களுக்கு லாபம்."

"லாபந்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? விலைக்கு ஆள் வந்தபோதே கொடுக்கணும்னு நான் அப்பா முகத்துக்கு நேரா சொன்னவன்."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா உங்களுக்குக் கடைத்தெருக் கட்டடத்தைத் தானமாக் கொடுத்தார்."

"கொடுத்தார். மூணு மாசத்துல வித்தேன். தானம்னு கொடுத்தா அது என்னுதுதானே? நீங்கதானே மேடம் சொன்னீங்க, கொடுத்தவர் திரும்பக் கேக்க முடியாதுன்னு."

"சொன்னேன்."

"அதுல அப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சு. அதுக்கப்புறந்தான் இந்த டிரஸ்ட் பேச்சே வந்துச்சு. ஆனா ஒண்ணு, நான் திருடறவனா இருந்தா இப்படிக் கீறிட்டு உக்காந்திருக்க மாட்டேன். எனக்கு அரம் பிடிக்கவே தெரியாது. பதினஞ்சு வயசுல பட்டறையை விட்டு ஓடினவன், இன்னைக்கு வரைக்கும் உள்ள கால் வெச்சதில்ல. அந்த இரும்புத் தூள் வாசனையே எனக்கு ஆகாது."

அடுத்து மகள். பள்ளிக்கூட ஆசிரியை. இந்த வீடு இப்போது அவளுடையது. பெரியவர் போன வருடம் தானமாகக் கொடுத்துவிட்டு, அவளோடே இருக்கிறார்.

"முதல்ல பார்த்தது நீங்கதானா?"

"ஆமா. காபி கொண்டு போனேன். அப்பா குளிக்கப் போயிருந்தார். கதவு இப்ப இருக்கற மாதிரியே திறந்திருந்துச்சு. நான் எதையும் தொடலை. கூப்பிட்டேன், ஈரத் துண்டோட ஓடி வந்தார். அவரும் தொடலை. அப்படியே உக்காந்துட்டார்."

"ராத்திரி வீட்டுல யார் யார்?"

"நாங்க நாலு பேருந்தான். இன்னைக்குக் கையெழுத்துன்னு அண்ணனும் வந்திருந்தான். அப்பா புழுக்கம்னு மாடியில படுத்துட்டு, காலையில நேராக் குளிக்கப் போயிட்டார்." மகள் மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினாள். சாவிகள் புதுசாய்ப் பளபளத்தன. "என் வீட்டுலயே களவு. இந்த வீட்டை வாங்கின அன்னைக்கு நீங்க படுத்தின பாடு ஞாபகம் இருக்கா?"

வக்கீலம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பத்திரத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, கொடுக்கிறவர் கொடுத்தார், வாங்குகிறவர் வாங்கினார் என்று நாளைக்கு ஒருவனும் வாய் திறக்க முடியாதபடி கையிலிருந்து கைக்குப் போக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்ற நாள் அது.

"ஒரு சாவி விடாம என் கையில வெச்சாத்தான் ஆச்சுன்னு நின்னீங்க. அப்பா முனகிட்டே வெச்சார். மறுநாள் தம்பி உக்காந்து வீட்டுக்கதவு எல்லாத்துக்கும் எனக்குப் புதுச் சாவி போட்டுக் கொடுத்தான். பழைய கொத்தை அப்பாகிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். அவர் கை அது இல்லாம சும்மா இருக்காது."

அன்றைய தன் கண்டிப்பை நினைத்து வக்கீலம்மாவுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் மகள் சொன்னதை அவர் பாதிதான் காதில் வாங்கினார். பிற்பாடு அதற்காகத் தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டார்.

காலை பத்து. பட்டறை.

முற்றத்தைத் தாண்டியதும் பட்டறை. களவு விஷயம் இன்னும் இங்கே வரவில்லை. கடைசல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வண்ணம் பூசக் காத்திருந்த பெட்டகங்கள் வரிசையாக வாய் பிளந்து நின்றன. வக்கீலம்மா நடுவில் நடந்தபோது, வண்ணம் பூசுகிறவர் தூரிகையை நீட்டித் தடுத்தார்.

"பார்த்து வாங்கம்மா, கம்பி இடிக்கும்."

திறந்திருந்த ஒவ்வொரு கதவின் விளிம்பிலும் தாழ்க்கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் ஏன் இப்படி வெளிய நிக்குது?"

"அது என்னாலதான்." வண்ணம் பூசுகிறவர் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "அஞ்சாறு வருஷம் இருக்கும். ஆள் உயரப் பெட்டகம் ஒண்ணுக்குள்ள நின்னு பூசிட்டிருந்தேன். காத்துல கதவு சாத்திக்கிச்சு, தானாப் பூட்டிக்கிச்சு. சாவி என் பையில. வெளிய எடுக்கறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு. அன்னைக்கு ஐயா சட்டம் போட்டார். கதவைத் திறந்தா, உடனே சாவியை இன்னொரு திருப்புத் திருப்பிக் கம்பியை வெளிய தள்ளிடணும். அப்பக் கதவு நிலையில இடிச்சு நிக்கும், சாத்தாது. இப்ப எங்களுக்கு அது கைப்பழக்கமாயிடுச்சு. தூக்கத்துல திறந்தாலும் கம்பியைத் தள்ளிட்டுத்தான் நகருவோம்."

இளையவன் கடைசி மேஜையில் நின்றுகொண்டிருந்தான். கையில் வேலை எதுவும் இல்லை. எதிரில், துணி போர்த்திய ஏதோ ஒன்று இருந்தது.

"அது என்ன?"

அவன் துணியை விலக்கினான். ஒரு பூட்டு. தாய்ப்பூட்டைவிடச் சிறியது, மேலே ஒரு பூவேலைகூட இல்லாதது.

"நானே செஞ்சு போட்டது. லீவருக்குப் பதிலா வேற அமைப்பு. அப்பா கையால தொட்டுக்கூடப் பார்க்கலை. தாய்ப்பூட்டு இருக்கும்போது இது எதுக்குன்னுட்டார்."

"சொல்லிப் பார்க்கலாமே."

"எதுக்குச் சொல்லணும்? அதான் டிரஸ்ட் பத்திரத்துல எழுதிட்டீங்களே, தாய்ப்பூட்டு அமைப்பைத் தவிர வேற எந்தப் பூட்டும் இந்தப் பட்டறை எந்தக் காலத்திலயும் போடக்கூடாதுன்னு."

"ஐயா கேட்டார். எழுதினேன்."

"நல்லா எழுதியிருக்கீங்க. நானும் பத்து வாட்டி வாசிச்சுப் பார்த்தேன். நுழையறதுக்கு ஒரு இண்டு இடுக்கு இல்ல."

பூட்டுக்காரன் வாயிலிருந்து வந்த பாராட்டு. வேறு நாளாக இருந்தால் வக்கீலம்மா அதை வீட்டுக்குப் போய் இரண்டு பேரிடம் சொல்லியிருப்பார். இன்றைக்கு அது இனிக்கவில்லை.

முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். கைப்பையின் வாரைப் பார்த்தார். தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. மாட்டி இழுத்த இடம். வேகமாகப் பெரியவரின் அறைக்கு நடந்தார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. காலையில இந்தக் கதவு எப்படி இருந்துச்சு?"

"திறந்திருந்துச்சு."

"எப்படித் திறந்திருந்துச்சு?"

பெரியவருக்குக் கேள்வியே புரியவில்லை. "கதவு திறந்திருந்தா எப்படிம்மா இருக்கும்? இந்தா, இப்படித்தான் இருக்கும்."

"அவ்வளவுதான். எல்லாரையும் கூப்பிடுங்க," என்றார் வக்கீலம்மா.

பதினொன்றரை.

கம்பெனிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் தகப்பனும் மூன்று பிள்ளைகளும். வக்கீலம்மா கதவைச் சாத்தினார்.

"ஐயா, முதல்ல நல்ல சேதி. உங்க பூட்டை யாரும் ஜெயிக்கலை. சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க."

"கீறல்?"

"கீறல் நிஜந்தான். யாரோ கம்பி விட்டுத் திறக்கப் பார்த்தது நிஜம். முடியலைங்கறதும் நிஜம். இங்க பாருங்க." அவர் கதவின் விளிம்பைத் தொட்டார். "இந்தத் தாழ்க்கம்பி மூணும் வெளிய நீட்டிட்டு இருக்கு. கம்பி விட்டுத் திறக்கறவன் ஏழு லீவரையும் தூக்கி, உயிரைக் கொடுத்துக் கதவைத் திறக்கறான். திறந்த கதவை எதுக்குத் திரும்பப் பூட்டறான்? அதுக்கு இன்னொரு வாட்டி ஏழு லீவரையும் தூக்கணும். பைத்தியக்காரன்கூடப் பண்ணமாட்டான். கையில சாவி இருக்கறவனுக்கு அது ஒரு திருப்பு, அவ்வளவுதான்."

பெரியவர் தாழ்க்கம்பிகளைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"காலையிலேருந்து இதைத்தானே பார்த்துட்டிருக்கேன்."

"அதனாலதான் உங்களுக்குத் தெரியலை. உங்க கண்ணுக்குத் திறந்த கதவுன்னா இப்படித்தான் இருக்கும். நீங்க போட்ட சட்டந்தானே? என்னை மாதிரி வெளியாளுக்கு அது பையில மாட்டுது."

பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். "அப்ப என் பூட்டு தோக்கலை."

"தோக்கலை."

"ஆனா சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்லையேம்மா."

"ஒரே ஒரு நாள் இறங்கியிருக்கு. இறக்கினது நான்." வக்கீலம்மா இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த வீட்டைத் தானம் கொடுத்த அன்னைக்கு, சுவர்ல பதிச்ச பெட்டகமும் வீட்டோட சேர்ந்ததுன்னு சொல்லி, அந்தச் சாவியையும் கழட்டி உங்க மக கையில வெக்கச் சொன்னேன். நீங்க முனகினீங்க. நான் விடலை. அது அன்னைக்கு ராத்திரி கொத்தோட கொத்தா இருந்துச்சு. மறுநாள் அந்தக் கொத்தை வெச்சு வீட்டுக்கதவு எல்லாத்துக்கும் ஒருத்தர் நகல் போட்டார். பெட்டகத்துக்குப் போடச் சொல்லி யாரும் சொல்லலை. ஆனா சாவி அவர் கையில இருந்துச்சு. திறந்த கதவுல தாழ்க்கம்பியை வெளிய தள்ளற கைப்பழக்கம் இந்த வீட்டுல ரெண்டே பேருக்குத்தான். பெரிய தம்பி பட்டறைக்குள்ள கால் வெச்சே வருஷக்கணக்காச்சு. உங்க மக அந்த வேலைக்கே வந்ததில்ல. மிச்சம் இருக்கறது நீங்களும், அவரும்."

யாரும் இளையவனைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவனே முன்னால் வந்து நின்றான்.

"பெட்டி என் மேஜைக்கு அடியில இருக்குப்பா."

"தம்பி, நீயா?" என்றாள் மகள்.

"நகல் போட்டது திருடறதுக்கு இல்லக்கா. அந்தச் சாவியோட பல்லைப் பார்த்து உள்ள என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கத்தான். நேத்து அந்தப் பத்திரத்தைத் திரும்ப வாசிச்சேன். இன்னைக்குக் கையெழுத்து ஆயிட்டா, நான் சாகற வரைக்கும் அப்பா பூட்டையேதான் போட்டுட்டு இருக்கணும். என் பிள்ளையும் அதையேதான் போடணும். தாய்ப்பூட்டு அமைப்பைத் திறந்து காட்டிட்டா அப்பா புதுசு கேப்பாருன்னு நினைச்சேன். சாவி பையிலதான் இருந்துச்சு, ஆனா முதல்ல அதை எடுக்கலை. கம்பியாலதான் முயற்சி பண்ணேன். நாலாவதுக்கு மேல போக முடியலை. விடியற நேரம் ஆயிடுச்சு. அப்புறந்தான் சாவியைப் போட்டேன்." அவன் குரல் உடைந்தது. "விக்கறேன்னு சொல்லுவீங்கன்னு சத்தியமா நினைக்கலைப்பா."

"சாவியைப் போட்டுத் திறந்துட்டு, தோத்துச்சுன்னு என்னை நம்ப வெச்சியே, அதுதாண்டா திருட்டு," என்றார் பெரியவர். கையை ஓங்கினார். இளையவன் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. பெரியவரின் முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

"நாலாவது லீவர் வரைக்கும் வந்தது நீயா?"

"ஆமாப்பா."

"மூணாவதுல ஆளை ஏமாத்தற வெட்டு, ஒரு பொய்க் காடி வெச்சிருப்பேனே. எல்லாரும் அங்கதான் விழுவாங்க."

"நானும் விழுந்தேன். ரெண்டு வாட்டி. அப்புறம் தெரிஞ்சுது."

"எதால பண்ணின?"

"நானே அடிச்ச கம்பிதான்."

"காட்டு."

மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அவன் திருடியிருக்கான். நீங்க கம்பியைக் கேக்கறீங்க."

"நீ இருடா. கண்காட்சிக்கு வந்த எவனும் ரெண்டாவதைத் தாண்டினதில்ல." ஓங்கிய கை, இறங்க வேறு இடம் தெரியாமல், இளையவனின் தோளில் போய் உட்கார்ந்தது.

வக்கீலம்மா பத்திரத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"ஐயா, நீங்க முதல் நாள் என்கிட்ட வந்தபோது ஒண்ணு சொன்னீங்க. செத்த பிறகு கொடுக்கறது கொடுக்கறது இல்ல, விட்டுட்டுப் போறது. உயிரோட இருக்கும்போதே கொடுத்து, வாங்கறவங்க முகத்தைப் பார்க்கணும்னு. பெரிய தம்பிக்குக் கட்டடம் கொடுத்தீங்க, மகளுக்கு வீடு கொடுத்தீங்க. இவருக்குப் பட்டறையைக் கொடுக்கற மாதிரி கொடுத்துட்டு, கையைக் கட்டிட்டீங்க. கயிறு திரிச்சது நான். விக்கக்கூடாது, அடகு வெக்கக்கூடாதுங்கறது பட்டறையைக் காப்பாத்தும். ஆனா வேற பூட்டே போடக்கூடாதுங்கற இந்த வரி பட்டறையைக் காப்பாத்தாது. உங்க பேரை மட்டுந்தான் காப்பாத்தும்."

பெரியவர் இளையவன் பக்கம் திரும்பினார்.

"நீ போட்ட பூட்டைக் கொண்டு வா. சாவியை அங்கேயே வெச்சுட்டு வா."

கம்பெனிக்காரர் கூடத்தில் ஒரு காபி குடித்தார், இன்னொரு காபியும் குடித்தார். மூன்றாவது காபிக்கு முன்பே மூத்தவன் அவரைக் கார்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். விலைக்கு வராத பொருளுக்காக ஒருவரை உட்காரவைக்கக்கூடாது என்பது அவன் தொழில் தர்மம். பிறகு அவனும் தகப்பன் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பெரியவர் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சின்னப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். காதருகே வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறை "ஓகோ" என்றார். இன்னொருமுறை இளையவனைப் பார்த்து, "இதுக்குள்ள என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றார். இளையவன் சுவரில் ஒட்டி நின்று, தன் கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டு திறந்துவிட்டால் அவனுக்குப் பேச வார்த்தை இல்லை. அது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. மகள் சாப்பிடக் கூப்பிட்டாள், யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியவரின் நெற்றியிலிருந்து வியர்வை பூட்டின்மேல் சொட்டியது. கடைசியில் கம்பிகளை ஒழுங்காக உறையில் சொருகினார். உறையைக் கட்டினார்.

"வக்கீலம்மா, அந்த வரியை அடிச்சுடுங்க. என்ன பூட்டுப் போடறதுங்கறது பட்டறையை நடத்தறவன் இஷ்டம்னு எழுதுங்க."

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். தான் எழுதிய வரியைத் தானே அடிப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. நேராக, ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் புது வரியை எழுதி, ஓரத்தில் பெரியவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெரியவர் போட்டார். பிறகு எல்லாப் பக்கத்திலும் போட்டார். இளையவன் மேஜைக்கடியிலிருந்து எடுத்து வந்த தாய்ப்பூட்டுப் பெட்டியைத் தன் இரண்டு கையாலும் தூக்கி, "வாங்கிக்கோ" என்று அவனிடமே கொடுத்தார். அவன் வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தார். ஆசை தீரப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் அவர் சாப்பிட உட்காரவில்லை. அந்தச் சின்னப் பூட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் பட்டறைக்குள் போனார். ஐயா இந்த நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெரியவர் பூட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பூட்டை என்னால திறக்க முடியலை," என்றார். "என் பையன் போட்டது."

தன் தோல்வியை ஒருவர் இவ்வளவு பெருமையாகச் சொல்லி வக்கீலம்மா கேட்டதில்லை. பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ என்ற சந்தேகத்தில், பெரியவர் அதை இன்னொரு முறை சொன்னார்.